கையைக் கட்டு, வாயைப் பொத்து

கல்லூரியில் சில ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தேன். இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியை ஊர் அங்கன்வாடியில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டிய ஒரு நாளில், ஏனோ வராமல் சன்னலோரம் நின்றுவிட்டேன். டீச்சர் பதிவேட்டில் பிள்ளைகளின் எடையைக் குறித்துக்கொண்டிருந்தார். ஆயாம்மா அடுப்படியில். பாயில் இருபத்திரண்டு பேர். சத்தம் கொஞ்சம் ஏறியது. அந்த மாணவி பிள்ளைகளைப் பார்த்துச் சொன்ன முதல் வாக்கியம் இது: "எல்லாரும் கையைக் கட்டு, வாயைப் பொத்து!"

அதை அவளுக்கு நாங்கள் யாரும் சொல்லித் தரவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன் அவள் உட்கார்ந்திருந்த வகுப்பறை அன்று அவள் வாயில் பேசியது. பிள்ளைகள்மேல் அவளுக்குப் பிரியம் இல்லாமல் இல்லை; முந்தின இரவு முழுக்க உட்கார்ந்து வண்ண அட்டையில் யானை வெட்டி எடுத்து வந்தவள். ஆனால் பதற்றத்தில் உதவிக்கு வருவது பழக்கம்தான். இளைஞர்களை நல்ல மனசோடு அனுப்பிவைத்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. அந்த நம்பிக்கை அன்று சன்னலோரத்தில் எனக்கு ஆட்டம் கண்டது.

1969-இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம். ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம், கடைசியில் சான்றிதழ். கணக்கு மணியில் இருப்பதால் எங்கே போனாலும் மணி சேரும். காலையில் மரக்கன்று, மறுவாரம் பேரணி, அடுத்த மாதம் அங்கன்வாடி. ஆகவே பெரும்பாலான மாணவர்களுக்கு ஒரு வகுப்பறையில் முதல் நாள் எதுவோ அதுவே கடைசி நாளும்.

சிக்கல் அங்கேதான். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் புது முகம் என்பது சின்ன விஷயமில்லை. இரண்டு பேர் அழுவார்கள். ஒருத்தி மடியை விட்டு இறங்கமாட்டாள். தூங்கவேண்டிய நேரத்தில் யாரும் தூங்கமாட்டார்கள். டீச்சருக்கோ வந்தவளுக்கு இடம் காட்டி, பெயர் சொல்லி, எந்தப் பிள்ளைக்கு எப்போது ஒன்றுக்கு வரும் என்பதுவரை விளக்குவது ஒரு கூடுதல் வேலை. முதல் நாளில் உதவியைப் பெறுகிறவள் தன்னார்வலர். கொடுப்பவர்கள் டீச்சரும் பிள்ளைகளும். இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம் என்று வந்து அந்தக் கடனை அடைக்கலாம். ஒரே நாளில் முடிந்துபோகும் வருகையில் அது அடைபடுவதே இல்லை. மிட்டாய் கொடுத்துவிட்டு வருவதை நான் அடைத்த கணக்கில் வைக்கமாட்டேன்.

அதற்காக மாணவர்களை அங்கன்வாடிக்கு அனுப்பும் வழக்கத்தையே தூக்கிப் போடச் சொல்லவும் எனக்கு மனமில்லை. அன்று அரை மணி நேரம் கழித்து நடந்ததுதான் காரணம். அட்டை யானை கிழிந்துபோனது. செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் அவள் சுவரோரம் பாயில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பையன் வந்து, தங்கள் வீட்டு ஆடு குட்டி போட்டதைச் சொல்ல ஆரம்பித்தான். குட்டி மூன்று, இல்லை, இரண்டு, ஒன்று கறுப்பு, அதை அப்பா தூக்கினார், ஆடு முட்டியது, மறுபடி முதலிலிருந்து. ஐந்தாறு நிமிடம் இருக்கும். அவள் "அப்புறம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். பதிவேடு, எடை, முட்டைக் கணக்கு, பெற்றோர் கூட்டம் என்று ஓடும் ஒரு டீச்சருக்கு ஒரே பிள்ளைக்கென்று ஐந்து நிமிடம் ஒதுக்குவது எத்தனை நாளைக்கு ஒருமுறை முடியும்? தன்னார்வலர் கொண்டுவரக்கூடிய பெரிய பொருள் அந்தக் காதுதான். மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்து பயிற்சி தந்த காலத்திலிருந்தே சென்னைக்குத் தெரிந்த பாடம் இது: கற்பிப்பதற்கு முன் உற்றுப் பார்க்க வேண்டும். நாமோ மாணவர் கையில் முதல் நாளே சாக்பீஸைக் கொடுத்துவிடுகிறோம்.

தொடர்ந்து வருவதில் என்ன கிடைக்கும் என்பதற்கு தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் பக்கத்திலிருக்கும் சாட்சி. 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது. அப்போது ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரையிலான பிள்ளைகளுக்கு, மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை நடந்தது. அங்கே தன்னார்வலர் பெரும்பாலும் அதே தெருப் பெண். பிள்ளைக்கு அவர் ஏற்கெனவே 'அக்கா'. முதல் நாள் அழுகை என்பதே அநேகமாக இல்லை. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஆள் கிடைக்கிறது என்றால் நிரந்தர ஆசிரியரை நியமிக்க யாருக்கு அவசரம் என்ற கேள்வி அதன் நிழலாகவே வந்தது. அந்தக் கேள்வி கல்லூரி மாணவர்களுக்கும் பொருந்தும். இவர்கள் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார வந்தவர்கள். டீச்சருக்குப் பதிலாக அல்ல. மாணவர்கள் பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, அவர்களிடம் பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டு டீச்சர் போவது இரண்டும் கூடாது என்று நான் சொல்வது இதனாலும், பாதுகாப்பினாலும்.

போட்டோவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்லூரித் தரமதிப்பீட்டுக் கோப்புக்கு ஜியோடேக் போட்டோ வேண்டும். அதற்காகத் தூக்கத்திலிருந்து எழுப்பி வரிசையில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் முகம் சுற்றுவதற்கு எந்த அம்மாவிடமும் கேட்டதில்லை.

நான் சொல்லும் மாற்று இது: வாரம் இரண்டு மணி நேரம், முப்பது வாரம், ஒரே அங்கன்வாடி. ஆண்டின் 120 மணி நேரத்தில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும். முதல் நாள் கையில் அட்டை வேண்டாம், போன் வேண்டாம், பாயில் உட்கார்ந்தால் போதும். இதை ஒருமுறை கூட்டத்தில் சொன்னேன். "அறிக்கையில் என்ன சார் எழுதறது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அன்றைக்கு அந்த மாணவி கொடுத்த அறிக்கை இன்னும் என்னிடம் இருக்கிறது. "22 குழந்தைகளுக்கு விலங்குகளின் பெயர்கள் கற்பிக்கப்பட்டன" என்று எழுதியிருந்தாள். ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.