மெய்ப்பாடும் திரையும்: ஆட்டிசமுடைய பெரியோரின் பதற்றத்துக்கான எண்ணிமக் கருவிகள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் 21 வகைகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. ஆயினும் நம் சூழலில் அது குழந்தைப் பருவத்துச் சிக்கலாகவே பேசப்படுகிறது. ஆட்டிசமுடைய பெரியோரின் பதற்றத்தைத் தணிக்க முனையும் எண்ணிமக் கருவிகள் அவர்களிடம் எத்தகைய மொழியை எதிர்பார்க்கின்றன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

கருவிகளின் மொழி

சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ஆவாஸ் செயலி, பேச இயலாதோர் படங்களைத் தொட்டுக் கருத்துணர்த்த உதவுகிறது. அதன் நோக்கம் கருத்துப் பரிமாற்றம். பதற்றத் தணிப்பு அன்று. பிரித்தானியாவின் ஆட்டிஸ்டிகா அமைப்பும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் இணைந்து உருவாக்கிய மோல்ஹில் மவுண்டன் செயலியோ பதற்றத்தையே பொருளாகக் கொண்டது. பயனர் தம் கவலைகளைப் பதிந்து, அவற்றைத் தூண்டுவன எவையெனக் கண்டறியலாம். இது பயனுள்ள முறையே. எனினும், கவலையைக் கவலையென அறிந்து சொல்லாக்குவதே இதன் முதற்படி. ஆட்டிசமுடையோர் பலருக்கு அந்த முதற்படியே கடினம். தம் உணர்வை இனங்கண்டு பெயரிட இடர்ப்படும் இந்நிலையை உளவியலார் அலெக்சிதைமியா என்பர்.

மெய்யின் மொழி

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, உணர்வு உடலின்வழிப் புலப்படுவதைப் பேசுகிறது. இப்பார்வை வடிவமைப்பாளருக்கு உதவும். 'அச்சமா, கவலையா?' என வினவுவதற்கு மாறாக, 'நெஞ்சு படபடக்கிறதா? கை வியர்க்கிறதா?' எனக் கருவி வினவலாம்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. தம் படபடப்பையே உணராதாரும் உளர். மேலும், மெய்ப்பாடு காண்போரின் புரிதலையும் சார்ந்தது. புரிதல் தவறுவது ஆட்டிசமுடையோரின் குறை மட்டுமன்று, இருதரப்பாருக்கும் பொதுவானது என்பது 2012இல் டேமியன் மில்டன் முன்வைத்த கருத்து. கைகளை அசைப்பது ஒருவருக்குப் பதற்றத்தின் அறிகுறி, மற்றொருவருக்கு அதைத் தணிக்கும் வழி, வேறொருவருக்கு உவகை. வெளியிலிருந்து வகுத்த பட்டியல் மூவரையும் ஒருவராக்கிவிடும்.

முடிவுரை

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையிலுள்ள அனுமந்தன்பட்டியில், திருவிழா ஒலிபெருக்கிக்கும் பேருந்தின் ஒலிப்பானுக்கும் நடுவே பதறி நிற்கும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஆங்கிலத் திரையில் தம் உணர்வுக்குப் பெயர் தேடும் பொழுது அவருக்கு அப்போது இல்லை. அமைதியான நாளொன்றில் அவரே தம் சொல்லாலோ படத்தாலோ குறித்துவைத்த அறிகுறியும், அதற்கு அவரே தெரிந்துகொண்ட தணிப்பு வழியும் ஒரே தொடுகையில் கிடைக்க வேண்டும். ஆகவே, தமிழில் இத்தகைய கருவி உருவாகும்போது இருக்கும் செயலியை மொழிபெயர்ப்பது மட்டும் போதாது. அறிகுறிகளை வகுக்கும் உரிமை பயனருக்கு வழங்கப்பெறுதல் வேண்டும்.