சுவைஞரும் குறைகூறுவோரும்: ‘ஃபண்டாசியா’ பற்றிய ஒரு நோக்கு

கலைஞன் ஒருவன் ஆக்கிய பொருளைத் திறனாய்வாளன் பழிக்குமிடத்து, அதற்காகப் பெரிதுஞ் சினங்கொள்பவன் அக்கலைஞனல்லன். அப்பொருளைத் தன் நெஞ்சிற் கொண்டு போற்றிய சுவைஞனே ஆவன். கலைஞன் தன் அடுத்த ஆக்கத்திற் கருத்தைச் செலுத்திவிடுவான். சுவைஞனுக்கோ அவ்வாறு செல்வதற்கு வேறிடமில்லை. தான் இன்புற்ற பொருளை இழிவென ஒருவர் கூறுமிடத்துத் தன் இன்பமே இழிவெனப்பட்டதாக அவன் கருதுகின்றான். இச்சினம் எத்துணை நியாயமுடையது என்பது ஆராயற்பாலது. அவ்வாராய்ச்சிக்கு வால்ற் டிஸ்னியின் ‘ஃபண்டாசியா’ என்னும் சித்திரப்படம் மிகப் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டாகும்.

1940ஆம் ஆண்டு நவம்பர் 13ஆந் திகதி நியூயோர்க் நகரில் இப்படம் முதன்முதல் காட்டப்பட்டது. பாக், சைக்கோவ்ஸ்கி, டூக்கா, ஸ்ரவின்ஸ்கி, பீற்றோவன், பொன்கியெல்லி, முசோர்க்ஸ்கி, சூபேட் என்னும் மேனாட்டு இசையாசிரியர்களின் உருப்படிகளை ஸ்ரொக்கோவ்ஸ்கியின் நெறிப்படுத்தலிற் பெரியதோர் வாத்தியக் குழு இசைக்க, அவ்விசைக்கேற்ப வரைந்த சித்திரங்கள் திரையில் ஆடுகின்றன. தொடர்ச்சியான கதையென ஒன்றில்லை. மறுநாளே நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் திரைப்பட விமரிசகர் பொஸ்லி குறௌதர் இதனைப் பெரிதும் பாராட்டி எழுதினார். ஆயினும் பன்னிரண்டு நாட் சென்றபின், நவம்பர் 25இல், ஹெரல்ட் றிபியூன் பத்திரிகையில் டொறதி தொம்சன் என்னும் அம்மையார் எழுதிய கட்டுரையே இன்றுவரை பேசப்படுவது. இப்படம் தம்மை நரம்புத் தளர்ச்சியின் எல்லைக்கே கொண்டு சென்றது என்றும், இது கொடூரமானது, மனிதரைக் கொடியராக்குவது என்றும், நாசிகளின் அதிகார வெறியோடு ஒப்பிடத்தக்கது என்றும் அவர் எழுதினார். இயற்கையைப் பேருருவாகவுங் மனிதனை அற்பமாகவும் இப்படங் காட்டுகின்றது என்பதும் அவர் கூறிய குற்றங்களுள் ஒன்று.

படத்தின் அன்பர் இதற்கு இறுக்கும் விடைகளுள் முதன்மையானது, அம்மையார் படத்தை முழுதுங் காணவில்லை என்பது. இறுதி இரு பகுதிகளுக்கு முன்னரே தாம் எழுந்து சென்றுவிட்டதை அவரே ஒப்புக்கொண்டுள்ளார். இவ்விடை வலியுடையது என்பதில் ஐயமில்லை. ஏனெனில், அவர் காணாத அவ்விரு பகுதிகளே அவர் எழுப்பிய வினாவுக்குப் படம் தரும் மறுமொழி. மலையுச்சியில் ஒரு பேரரக்கன் சிறகு விரித்துப் பேய்க் கணங்களை அழைத்து ஆட்டுவிக்கின்றான். விடியற் காலத்து மணியோசை கேட்டு அவன் ஒடுங்குகின்றான். அதன்பின் விளக்கேந்திய அடியார் வரிசையொன்று காட்டினூடே மெல்லச் செல்ல, சூபேட்டின் கன்னிமரி வணக்கப் பாடல் ஒலிக்கின்றது. கொடுமையைக் காட்டியது மெய். அதனைக் காட்டி அடக்கியதும் மெய். ஒருபானைச் சோற்றுக்கு ஒருசோறு பதமென்பது சோற்றுக்கு ஒக்கும். முடிவை நோக்கிச் செல்லுங் கலைப்பொருளுக்கு ஒவ்வாது.

எனினும் இதனாலேயே அம்மையாரின் கூற்று முழுவதும் தள்ளுண்டது எனக் கொள்வாரும், அவரைப் பித்தர் என நகையாடுவாரும் பிழைபடுகின்றனர். தொம்சன் 1931இல் ஹிட்லரை நேரிற் கண்டு உரையாடியவர். 1934இல் ஜேர்மனியினின்றும் வெளியேற்றப்பட்டவர். அவர் இப்படத்தைக் கண்ட மாதத்திற் பிரான்சு வீழ்ந்து கிடந்தது. இலண்டன் மீது குண்டுகள் பொழிந்தன. அந்நிலையில், பீற்றோவனின் இசை வேடிக்கைக்கு உரிய பொருளாக்கப்படுவதைக் கண்டவர், தாம் காக்க விரும்பிய பண்பாடு தம் இல்லத்துள்ளேயே அழிகின்றது என அஞ்சினார். அவ்வச்சம் படத்தின்மேல் மிகையாக ஏற்றப்பட்டது என்பது உண்மை. ஆயின் அது பொய்யான அச்சமன்று.

ஈண்டுச் சுவைஞர் பலரும் நோக்கத் தவறும் ஒன்று உண்டு. இப்படத்தைக் கடிந்தோருட் பலர் தாமுஞ் சுவைஞரே. அவர் சுவைத்த பொருள் வேறு என்பதே வேற்றுமை. பீற்றோவனின் ‘முல்லைநிலச்’ சிம்பொனி எனத்தகும் ஆறாஞ் சிம்பொனியை இளமைதொட்டுக் கேட்டு வளர்ந்த ஒருவன், அதன் நீளம் பெரிதுங் குறைக்கப்பட்டு, மேலே மனிதவுடலுங் கீழே குதிரையுடலுங் கொண்ட ஆணும் பெண்ணும் காதல் புரியும் காட்சிக்கு அது பின்னணியாக்கப்பட்டதைக் காணும்போது அடையும் மனவேதனை, தான் போற்றும் படம் பழிக்கப்படுவதைக் கேட்கும் இளைஞனின் வேதனையினின்றும் வேறானதன்று. அக்காட்சிக்கு முதலிற் கருதப்பட்டது பியெர்னே என்னும் பிரான்சியரின் இசை. அது போதாமை கண்டே பீற்றோவன் கொணரப்பட்டார். இம்மாற்றத்தை ஸ்ரொக்கோவ்ஸ்கியே விரும்பவில்லை. சித்திரம் முன்னே சென்று இசையைத் தேடியது என்னும் இவ்வரலாறு, அப்பகுதியின் தளர்ச்சிக்குத் தக்க காரணங் காட்டுகின்றது.

ஸ்ரவின்ஸ்கியின் செய்தி இன்னுஞ் சுவையானது. பண்டை ருசியரின் பலிச்சடங்கைக் குறித்து அவர் அமைத்த ‘வசந்தச் சடங்கு’, இப்படத்தில் உலகின் தோற்றமும் பேருருப் பல்லிகளின் அழிவுமாக மாறியது. அதன் பகுதிகளும் முன்பின்னாக மாற்றப்பட்டன. பிற்காலத்தில் அவர் இதனை மிக ஏளனமாக எழுதினார். தம் முன்னிலையில் அவர் மகிழ்ந்தார் என்பது டிஸ்னியின் கூற்று. அதே இசை 1913இற் பரிஸ் நகரில் நடனத்துடன் முதன்முதல் அரங்கேறியபோது அவையோர் கூச்சலிட்டுக் கலகஞ் செய்தனர். அன்று கூச்சலிட்டோரும் தாம் அறிந்த நடனக்கலையைக் காப்பதாகவே எண்ணியிருப்பர் போலும்!

அன்பர் கூறும் மற்றொரு விடை, இசையரங்கினுட் புகாத சிறாருக்கும் எளியோருக்கும் இப்படம் அவ்விசையை அறிமுகஞ் செய்தது என்பது. இதனை மறுத்தல் அரிது. ஆனால் அறிமுகஞ் செய்தது என்பது நன்றாகச் செய்தது என்பதாகாது. டூக்காவின் ‘மந்திரவாதியின் மாணவன்’ 1897இல் அமைக்கப்பட்டபோதே கேதேயின் கதைப்பாடலைத் தழுவியது. துடைப்பம் நீர் சுமப்பதும், அதனை நிறுத்தும் மந்திரம் அறியாது மாணவன் திகைப்பதும் இசையினுள்ளேயே உள்ளன. மிக்கி எலி அம்மாணவனாக வந்து நீரில் மூழ்கித் தத்தளிக்கும்போது கண்ணுஞ் செவியும் ஒன்றையே அறிகின்றன. அப்பகுதியை எவருங் குறைகூறியதாகத் தோன்றவில்லை. கூறின் அவர் கூற்று நில்லாது. இதனையும் குதிரைமாந்தர் காட்சியையும் ஒரே நிறையில் வைத்துப் புகழ்வோன் படத்தைப் போற்றுகின்றானேயன்றி, அதனைப் பார்க்கவில்லை. நன்னூலார் நூலொன்றுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் கூறினார். இரண்டும் ஒரு நூலின்கண்ணே இருத்தல் கூடும் என்பதை மாணாக்கர் அப்பகுதியை மனனஞ் செய்யுங்கால் மறந்துவிடுகின்றனர்.

காலமே தீர்ப்பளித்துவிட்டது என்பாரும் உளர். போரினால் ஐரோப்பியச் சந்தை அடைபட, பெருஞ்செலவில் ஆக்கிய படம் நட்டமடைந்தது. 1942இல் அதனை 81 நிமிடங்களாகக் குறைத்துக் காட்டினர். 1969இல் மீண்டும் வெளியிட்டபோது கல்லூரி இளைஞர் திரண்டனர். அதன் பின்னரே முதல் மீண்டு ஊதியங் கிட்டத் தொடங்கியது. அன்பருக்கு இது பெருவெற்றியே. ஆனால் அதே காலப்பகுதியில், குதிரைமாந்தர் பகுதியிலிருந்து சில காட்சிகள் வெட்டி நீக்கப்பட்டன. வெண்ணிறப் பெண்ணொருத்தியின் குளம்பைத் துடைத்து ஏவல்செய்யுங் கருநிறச் சிறுமியின் உருவம் அவற்றில் இருந்தது. 1940இல் அதனைக் கண்டு நகைத்தோர் பலர். காலத்தைச் சான்றாக அழைப்போர் அச்சான்று இருபக்கமும் பேசும் என்பதையும் ஏற்றல் வேண்டும்.

அண்மைக் காலத்தில் இப்பூசல் எண்களாற் பொருதும் பூசலாகிவிட்டது. 2023இல் வெளிவந்த ‘சுப்பர் மாரியோ பிறதர்ஸ்’ படத்தை, கதை மெலிந்தது, விளையாட்டின் நினைவுகளையே நம்பியது என விமரிசகர் பலர் எழுதினர். ஒரு கணிப்பில் அவருள் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபதின்மரே ஆதரவு காட்ட, பார்வையாளருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் ஆதரித்தனர். படம் 130 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. இவ்வெண்களைக் காட்டி விமரிசகரின் தொழிலே வீணென அன்பர் முழங்கினர். விற்பனைத் தொகை விற்பனையை நிறுவுமே தவிர, கதையின் மெலிவை மறுக்காது. அன்றியும், 2021இல் மாரியோவுக்குக் குரல் கொடுக்க கிறிஸ் பிராற் என்னும் நடிகர் தெரிந்தெடுக்கப்பட்டார் என்ற செய்தி வந்த மாத்திரத்தே, ஒரு காட்சியையுங் காணாமல் அத்தெரிவைப் பழித்தோர் இவ்வன்பர் கூட்டத்தினரே. டொறதி தொம்சனாவது முக்காற் பங்கைப் பார்த்திருந்தார்.

மாரியோவைத் தோற்றுவித்தவரும் அப்படத்தை ஆக்கியோருள் ஒருவருமான மியமோட்டோவுக்கோ சினம் வந்ததாகத் தெரியவில்லை. விமரிசகர் அளித்த குறைந்த மதிப்பெண்ணும் படத்தைப் பற்றிய பேச்சு பரவுவதற்கு உதவியது என அவர் கூறினார்.