ஐயமும் தீர்ப்பும்

"சாமி, வரலாறும் துப்பறிதலும் கலந்த நல்ல நாவல் ஒன்று சொல்லுங்கள்" என்று காட்டேரிக்குப்பத்துக் கல்லூரி மாணவன் ஒருவன் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கேட்டான். பண்டைய உரோமையையும் எகிப்தையும் களமாகக் கொண்டு மேலைநாட்டார் இத்தகைய நாவல்கள் பலவற்றைப் படைத்துள்ளனர். எனினும் நான் பரிந்துரைத்தது கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த இந்நூலை வீரசாகசக் கதையாகவே பலரும் படிக்கின்றனர். அதன் நடுவே ஒரு கொலைமர்மம் இருப்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

கடம்பூர் மாளிகையில் இளவரசன் ஆதித்த கரிகாலன் மடிகிறான். ஐயம் பலர்மீது விழுகிறது. குற்றமற்ற வந்தியத்தேவன் பழி சுமக்கிறான். கொன்ற கை எது என்பதை ஆசிரியர் ஐயமறக் கூறவில்லை. இதைக் குறை என்பாருண்டு. நான் இதனை நூலின் நேர்மை என்பேன்.

ஏனெனில், வரலாறும் முழுமையாகப் பேசவில்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. இளவரசனைக் கொன்ற துரோகிகளெனச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை அது குறிக்கிறது. கொன்றதன் காரணத்தையோ, பின்னின்று ஏவியவர் உண்டா என்பதையோ அது கூறவில்லை. சுந்தர சோழருக்குப்பின் அரியணை ஏறிய உத்தம சோழனை வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். பின்வந்த ஆய்வாளர் சிலர் கல்வெட்டை வேறுவிதமாக வாசித்து அதை மறுத்தனர்.

கல்கி உத்தம சோழனை விடுவிக்கிறார். ஆனால், அதற்கு அவர் கையாளும் வழி குழந்தை மாறாட்டம்! சதிகாரருடன் உறவாடிய மதுராந்தகன் வேறு, பூத்தொண்டு புரியும் சேந்தன் அமுதனே உண்மையான உத்தம சோழன் என்கிறார். சான்று காட்டிப் பழியை நீக்காமல் ஆளையே மாற்றிவிடுவது நூலின் பலவீனமே.

கல்வெட்டில் என்னை வருத்துவது வேறொன்று. துரோகிகளின் நிலங்களோடு அவர்தம் உறவினரின் நிலங்களும் பறிக்கப்பட்டன. ஒருவன் பாவத்தை மற்றவன் சுமக்கலாகாது என்று எசேக்கியேல் இறைவாக்கினர் (18ஆம் அதிகாரம்) கற்பித்ததை நாம் அறிவோம். ஆயினும், ஊரில் ஒரு களவு நிகழ்ந்தால் இன்றும் நாம் குடும்பத்தின் பெயரைச் சொல்லித்தானே முதலில் விரல் நீட்டுகிறோம்?

ஐந்து பாகங்களையும் பொறுமையாகப் படியுங்கள். நாட்டுடைமையாக்கப்பட்டமையால் மலிவுப் பதிப்புகள் கிடைக்கின்றன. படித்தபின் ஒருமுறை உடையார்குடிக்கும் சென்று வாருங்கள். அம்மாணவன் சென்ற வாரம் வந்து, "சாமி, நான்காம் பாகம் வரை நந்தினிதான் குற்றவாளி என்று உறுதியாக இருந்தேன், இப்போது சொல்லத் தயக்கமாக உள்ளது" என்றான். அந்தத் தயக்கத்துக்காகவே இந்நூலை அவனிடம் கொடுத்தேன்.