சேஷராயர் மண்டபக் குதிரைகளும் ஈயக் குதிரைவீரர்களும்

திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலின் நான்காம் திருச்சுற்றில், வெள்ளைக் கோபுரத்துக்கு அருகே, ஆயிரங்கால் மண்டபத்துக்குத் தெற்கே அமைந்தது சேஷராயர் மண்டபம். விஜயநகர, நாயக்கர் காலப் பாணியிலான இந்த மண்டபம் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இதன் முகப்புத் தூண்களில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. மேலே ஆயுதம் ஏந்திய வீரர்கள். கீழே புலிகளும் காலாட்களும். வேலூர் சலகண்டேசுவரர் கோயிலிலும் காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலிலும் இவ்வகைத் தூண்கள் உள்ளன. ஆனால் பாய்ச்சலின் வேகத்தில் திருவரங்கத்துக்கு இணை இல்லை. கல் எஃகாக மாறிவிட்டது போல் தோன்றுகிறது என்ற பொருளில் கலை வரலாற்றாளர் பெர்சி பிரவுன் இவற்றைப் பாராட்டியிருக்கிறார்.

வழக்கமான பாராட்டு 'ஒரே கல்', 'தத்ரூபம்' என்ற இரண்டு சொற்களோடு முடிந்துவிடுகிறது. ஒரே கல் என்பது உண்மை. அது உழைப்பைப் பற்றிய செய்தி. தத்ரூபம் என்பது பாதிதான் உண்மை. இந்தச் சிற்பங்களைச் சரியாக மதிப்பிட எதிர்பாராத ஓர் ஒப்பீடு உதவுகிறது. அது, மேசைமீது ஆடும் போர் விளையாட்டுக்காக வார்க்கப்பட்ட சிறிய உலோகக் குதிரைவீரர்களோடு இவற்றை வைத்துப் பார்ப்பது.

பொம்மைப் படைகளைக் கொண்டு விதிகளோடு ஆடும் விளையாட்டைப் பரவலாக்கியவர்களில் ஒருவர் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். அவருடைய 'லிட்டில் வார்ஸ்' 1913இல் வெளிவந்தது. 1960, 70களில் பிரிட்டனில் மினிஃபிக்ஸ், ஹின்ச்லிஃப் போன்ற நிறுவனங்கள் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் உயரமுள்ள பண்டைக்காலப் படைவீரர்களை ஈயக் கலவையில் வார்த்து விற்றன. அவற்றைத் தேடிச் சேர்ப்பதும், பழைய பூச்சை நீக்கி மீண்டும் வண்ணம் தீட்டுவதும் இன்று தனிப் பொழுதுபோக்கு. கொலுவுக்குக் கல்யாணச் செட்டும் கிரிக்கெட் செட்டும் சேர்க்கிற நம் வீடுகளுக்கு இந்த ஆசை புரியாததல்ல.

பாயும் குதிரையைச் செய்கிறவன் உலோகத்தில் செய்தாலும் கல்லில் செய்தாலும் அவனுக்கு ஒரே சிக்கல்தான்: முழு எடையும் இரண்டு மெல்லிய பின்னங்கால்களில் இறங்குகிறது. ஈயக் கலவை வளையும், கருங்கல் ஒடியும். வார்ப்புக்காரர் வாலைத் தரையோடு ஒட்டினார், அல்லது வயிற்றுக்கடியில் ஒரு புல் திட்டையோ பாறைத் துண்டையோ வைத்தார். இரண்டு பாதிகளாகப் பிரியும் ரப்பர் அச்சிலிருந்து உருவம் சிக்காமல் வெளிவர வேண்டும் என்பதால், பழைய வார்ப்புகள் பல பக்கவாட்டில் தட்டையாகவே இருக்கும். முட்டு முட்டாகவே தெரியும். சேகரிப்பவர்களும் அதைக் கண்டுகொள்வதில்லை.

திருவரங்கத்துச் சிற்பி அந்த முட்டையே கதையாக்கினான். குதிரையின் உடலுக்கும் குளம்புகளுக்கும் கீழே கல் தேவைப்படும் இடங்களில் எழும்பும் புலியையும், அதைக் குத்தும் காலாளையும் வைத்தான். எடையைத் தாங்கும் கல்லே எதிர்த்துப் போராடும் உடலாகிவிட்டது. புலியை நீக்கினால் கதை போகும், தூணும் போகும். இந்தச் சிற்பங்களின் உண்மையான சாதனை இதுதான் என்பது என் கருத்து. குதிரையின் முகமும் கழுத்தும் தத்ரூபம் அல்ல. பிதுங்கிய கண்ணிலும் விரிந்த மூக்கிலும் பக்கத்து மண்டபங்களின் யாளிச் சாயல் இருக்கிறது. கவனம் முழுதும் கடிவாளம், சேணம், கழுத்துப் பட்டை, மணிச்சரம் ஆகியவற்றில் குவிந்திருக்கிறது.

அதற்குக் காரணம் உண்டு. தமிழகத்தில் நல்ல போர்க்குதிரை பெரும்பாலும் கடல் வழியாக வந்த விலையுயர்ந்த சரக்கு. பட்டினப்பாலை காலத்திலேயே புகாரில் குதிரை இறங்கியது. பாண்டியர் காலத்தில் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதினார். மிகைதான், ஆனால் வணிகத்தின் அளவை அது காட்டுகிறது. விஜயநகர அரசுக்குப் போர்த்துகீசியர் கோவா வழியாகக் குதிரை விற்றனர். குதிரையின் அணிகலன் அதன் உடையவனின் செல்வக் கணக்கு; சிற்பி அதை ஒன்றுவிடாமல் பதிந்தான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இவற்றைப் 'போர்க்குதிரைகள்' என்று அழைத்தாலும் வீரர்களின் ஈட்டிகள் பெரும்பாலும் புலிகளையே நோக்குகின்றன. இது போர்க்களமல்ல, வேட்டைக்களம்.

இங்கேதான் வண்ணம் தீட்டுபவர்கள் தடுமாறுகிறார்கள். 'சோழர் குதிரைப்படை' என்ற பெயரில் வரையப்படும் படங்களிலும் தீட்டப்படும் உருவங்களிலும் சேஷராயர் மண்டபச் சேணமும் உடையும் அப்படியே இடம்பெறுகின்றன. அவற்றுக்கும் ராசராசனுக்கும் இடையே ஏறத்தாழ 500 ஆண்டு இடைவெளி. இங்கிலாந்தில் பரவலாக ஆடப்பட்ட ஒரு பண்டைப்போர் விதிநூல் தன் எல்லையைக் கி.மு. 3000 முதல் கி.பி. 1485 வரை என்று வகுத்திருந்தது. அந்தக் கணக்கில் இந்தக் குதிரைகள் 'பண்டை' வகையிலேயே சேரா. மறுபக்கம், பழைய உலோக 'இந்தியக் குதிரைவீரன்' கிரேக்கக் கண்ணால் பார்க்கப்பட்டவன். சேணமில்லாத குதிரை, இரண்டு எறிவேல், சிறு கேடயம், வாயைச் சுற்றி உள்முள் பதித்த தோல்பட்டை என அர்ரியன் தரும் வருணனை வடமேற்கு இந்தியாவுக்குப் பொருந்தலாம். அதைப் பழுப்பு வண்ணம் பூசிச் சேர வீரன் என்று மேசையில் நிறுத்துவதும் அதே அளவு பிழைதான்.

சோழர் காலத்துக்கு வண்ணச் சான்று வேண்டுவோர் திருச்சியிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றறையின் 11ஆம் நூற்றாண்டு ஓவியத்தில் சுந்தரர் யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலைக்குச் செல்கின்றனர். அந்த அறைக்குள் பொதுமக்களை விடுவதில்லை. ஆனால் அச்சிட்ட படங்கள் கிடைக்கின்றன. அது பக்திக் காட்சி, படைக்காட்சி அல்ல என்ற எச்சரிக்கையோடு பயன்படுத்தினால் 25 மில்லிமீட்டர் குதிரைக்கு அது போதும்.

திருவரங்கத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியது உடையை அல்ல, அசைவை. அதைக் கல்லில் மட்டுமே பார்க்க வேண்டியதில்லை. வைகுண்ட ஏகாதசி இராப்பத்தின் எட்டாம் நாள் வேடுபறியன்று, அதே திருச்சுற்றின் மணல்வெளியில் நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் எழுந்தருளி வையாளி கண்டருள்வார். வையாளி என்ற சொல்லே குதிரையைச் செலுத்திப் பழக்குவதைக் குறிப்பது. தோளில் வாகனத்தைத் தாங்கியவர்கள் ஓடி, சட்டென்று திரும்பி, மீண்டும் ஓடும்போது அந்த உலோகக் குதிரை எந்தப் பக்கம் சாய்கிறது, எடை எந்தத் தோளில் இறங்குகிறது என்பதை ஒரு முறை கவனித்தவர், வளைந்த பின்னங்காலுள்ள பழைய ஈயக் குதிரையை எந்தக் கோணத்தில் நிமிர்த்த வேண்டும் என்பதற்கு வேறு வழிகாட்டி தேட மாட்டார்.