சூட்டு வலியும் இடுப்பு வளைய வலியும்

செஞ்சிப் பக்கம் கர்ப்பிணி "இடுப்பு நோவுது" என்றால் உடனே வரும் பதில், "சூட்டு வலிதான், சீரகத் தண்ணி குடி." கொஞ்சம் படித்தவர்கள் "எலும்பு விலகுது, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். இரண்டாலும் அவளுக்குப் பயனில்லை. அதனால்தான் 2008-இல் ஆண்ட்ரி வ்ளேமிங் குழுவினர் யூரோப்பியன் ஸ்பைன் ஜர்னலில் வெளியிட்ட வழிகாட்டியைப் படித்தேன்.

அதன் பெரிய பலம், வலிக்கு எல்லை போட்டுக் காட்டியது. இடுப்பெலும்பின் பின்விளிம்புக்கும் பிட்டத்தின் அடிமடிப்புக்கும் நடுவே வருவது. கூடவோ தனியாகவோ, முன்பக்கம் இரண்டு எலும்பும் சேருமிடத்திலும் வரலாம். கர்ப்பிணிகளில் சுமார் 20 சதவீதம் பேருக்கு இது உண்டாம். அது சொல்லும் சோதனைகளில் ஒன்று ரொம்ப எளிது: மல்லாந்து படுத்து, முட்டியை மடக்காமல் ஒரு காலை 20 செ.மீ. தூக்கணும். சிரமத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண்; பிறகு அடுத்த கால். "பொறுத்துக்கோ" என்பவரிடம் காட்ட ஓர் எண்ணாவது கிடைக்கிறது.

எலும்பு விலகும் கதைக்கு வருவோம். கர்ப்பத்தில் முன்மூட்டின் இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுவது இயல்பு. எவ்வளவு கூடியது என்பதை வைத்து எவ்வளவு வலிக்கும் என்று சொல்ல முடியாது.

சிகிச்சைப் பகுதிதான் சோகை. அவரவருக்கேற்ற உடற்பயிற்சி செய்யலாம், பெல்ட் கொஞ்ச நேரம் மட்டும் போடலாம் என்கிறது. முதுகு, இடுப்பு வலி சிகிச்சைகளைப் பற்றிய 34 பரிசோதனைகளை, 5,121 கர்ப்பிணிகளை, 2015-இல் காக்ரேன் அலசியபோதும் பெரும்பாலான சான்றுகள் பலவீனமாகவே இருந்தன. தவிர, "அவரவருக்கேற்ற" பயிற்சிக்குப் பக்கத்திலேயே பிசியோதெரபிஸ்ட் வேண்டும். கடலைக் காட்டில் குந்திக் களையெடுப்பவளுக்கு எங்கே போவது?

பிசியோதெரபிஸ்டுகள் வழக்கமாகச் சொல்வதை நம்ம ஊருக்கு மாற்றினால் இப்படி வரும்: குடத்தை ஒருபக்க இடுப்பில் வைக்காதே. உள்பாவாடையை உட்கார்ந்து கட்டு. படியில் ஒவ்வொன்றாக, இரண்டு காலையும் வைத்து ஏறு. முட்டிகளுக்கு நடுவே தலையணை வை. புரளும்போது முட்டிகளைச் சேர்த்துக்கொள்.

சூட்டு வலி என்ற பெயரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. விட்டுவிட்டு இறுக்கும் வலி, உதிரம், நீர் கசிவு, காய்ச்சல், குழந்தை அசைவு குறைவது இவற்றில் எது இருந்தாலும் சீரகத் தண்ணீருக்குக் காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிடணும். குறைமாதப் பிரசவ வலிக்கும் வீட்டில் அதே பெயர்தான் வைப்பார்கள்.

கிராம சுகாதார செவிலியர் எடை, பிரஷர் பார்க்கும்போது இந்தக் கால் தூக்கும் சோதனையையும் சேர்த்துக்கொண்டால் கூடுதலாக ஆவது இரண்டு நிமிடம்தான்.