இல்லாத நாற்காலிகளின் கணக்கு

பெருந்தொற்றுக்குப் பிறகு புதுப்பிக்கப்பட்ட மென்பொருள் அலுவலகங்களின் முகம் இப்போது நமக்குப் பழகிவிட்டது. ஒரு சுவரில் பச்சைப் பாசி, மூலையில் ஊஞ்சல், காபி மெஷினைச் சுற்றி உயரமான ஸ்டூல்கள். நடுவே பெயர்ப்பலகை இல்லாத மேசைகளின் வரிசை. காலையில் ஆப்பில் ஒரு மேசையைப் பிடிக்க வேண்டும், மாலையில் காலி செய்துவிட்டுப் போக வேண்டும். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீடு என்கிற ஹைப்ரிட் ஏற்பாட்டுக்காகவே செய்த வடிவமைப்பு இது என்கிறார்கள். 'நீங்கள் சந்தித்துப் பேசத்தான் இந்த இடம்' என்பது அது சொல்லும் வாதம். அந்த வாதம் தேறுமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். 100 பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தனக்கு வசதியான மூன்று நாளைத் தேர்ந்தெடுத்து வருகிறார்கள், யாரும் யாரையும் கேட்பதில்லை என்று வையுங்கள். சராசரியாக நாளொன்றுக்கு 60 பேர். கொஞ்சம் கூடக்குறைய இருக்கும் என்பதால் 70 மேசை போட்டால் ஏறக்குறைய எல்லா நாளும் சமாளித்துவிடலாம். 30 மேசையும் அதற்கான வாடகையும் மிச்சம். நிதித்துறைக்கு இது இனிக்கும்.

இதே கணக்கை இன்னொரு பக்கமிருந்து போடலாம். ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. ஒரு குறிப்பிட்ட நாளில் ஐவரும் அலுவலகத்தில் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 0.6-ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.078, அதாவது 8 சதவீதம்கூட இல்லை. தாம்பரத்திலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ கிளம்பி, ஓ.எம்.ஆர் நெரிசலில் ஒன்றரை மணிநேரம் கரைந்து, சோழிங்கநல்லூரில் போய் உட்கார்ந்து, ஹெட்செட் மாட்டிக்கொண்டு, வீட்டிலிருக்கும் சக ஊழியரோடு வீடியோவில் பேசுகிறோம். 'இதுக்கு வீட்லயே இருந்திருக்கலாமே' என்று முனகுபவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. அவர் புள்ளியியல் பேசுகிறார்.

மேசைக்குச் சொந்தக்காரர் கூடாது என்ற யோசனை புதிதும் அல்ல. 1990களின் நடுவில் லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ஷியாட்/டே என்ற விளம்பர நிறுவனம் இதைச் செய்து பார்த்தது. வாசலில் ராட்சத பைனாகுலர் சிற்பம் நிற்கும் அவர்களுடைய கட்டடம் ஃபிராங்க் கெரி வடிவமைத்தது. நியூயார்க் அலுவலகத்தின் உள்வடிவமைப்பு கெய்டானோ பெஷே. தலைவர் ஜே ஷியாட் ஊழியர்களின் சொந்த மேசைகளை எடுத்துவிட்டார். தினமும் லேப்டாப்பையும் ஃபோனையும் கவுன்ட்டரில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவை எல்லோருக்கும் போதவில்லை. காலையில் முண்டியடித்தார்கள். கோப்புகளை வைக்க இடமில்லாமல் காரின் டிக்கியையே அலமாரியாக்கிக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் சோதனை கைவிடப்பட்டது. அன்று தொழில்நுட்பம் போதவில்லை என்று இன்று சிலர் சொல்வார்கள். ஆனால் டிக்கியில் கோப்பை வைத்தவருக்கு வேண்டியிருந்தது வேகமான இணையம் அல்ல, தன்னுடையது என்று சொல்ல ஓர் இடம்.

அதற்கும் முன்னால் ராபர்ட் ப்ராப்ஸ்ட். ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக 1964-ல் 'ஆக்‌ஷன் ஆபிஸ்' என்ற அறைகலன் தொகுப்பை உருவாக்கி, 1968-ல் அதைத் திருத்தி வெளியிட்டவர். ஊழியர் எழுந்து நின்று வேலை செய்யலாம், தடுப்புகளை விரித்துத் தன் இடத்தைத் தானே அமைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கனவு. வாங்கிய நிறுவனங்கள் அந்தத் தடுப்புகளைச் செங்கோணமாக மடக்கி, எத்தனை பேரைத் திணிக்க முடியுமோ அத்தனை பேரைத் திணித்தன. க்யூபிக்கிள் பிறந்தது இப்படித்தான். கடைசிக் காலத்தில் ப்ராப்ஸ்டே அதைக் கண்டு நொந்துபோனார். வரைபலகையில் சுதந்திரம் என்று எழுதியது, சதுர அடிக் கணக்கு முடிந்து வெளியே வரும்போது சிக்கனம் என்று ஆகிவிடுகிறது.

அடுத்தது சத்தம். இருவர் பேசிக்கொள்வது முழுதாகக் கேட்கிற அறையைவிட, ஒருவர் ஃபோனில் பேசுவது மட்டும் கேட்கிற அறைதான் கவனத்தை அதிகம் குலைக்கும். மறுமுனை கேட்காததால் மூளை மீதிப்பாதியை ஊகித்துக்கொண்டே இருக்கிறது. 2010-ல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வொன்று இதைச் சோதித்துக் காட்டியது. ஹைப்ரிட் அலுவலகத்தில் காதில் விழுவதெல்லாம் பாதி உரையாடல்களே. 2018-ல் வெளியான பெர்ன்ஸ்டீன், டர்பன் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: திறந்தவெளி அலுவலகத்துக்கு மாறிய இரண்டு நிறுவனங்களில் நேருக்கு நேர் பேசுவது ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. சுவரை இடித்ததும் மனிதர்கள் ஹெட்ஃபோனால் சுவர் கட்டிக்கொண்டார்கள்.

சரி, யாருக்கு என்ன நஷ்டம்? பத்து வருட அனுபவம் உள்ளவருக்குப் பெரிய நஷ்டமில்லை. யாரைக் கேட்டால் வேலை நடக்கும் என்று அவருக்குத் தெரியும். நஷ்டம் புதிதாகச் சேர்ந்தவருக்கு. கல்லூரி முடித்த கையோடு கூரியரில் லேப்டாப் வந்து வேலையில் சேர்ந்த தலைமுறை இது. நம் தொழிலில் பாதி, பக்கத்து இருக்கைக்காரர் முனகுவதைக் கேட்டுக் கற்பது. ஒரு சீனியர் லாகைப் பார்த்து 'இது டேட்டாபேஸ் பிரச்சினை இல்லப்பா' என்று சொல்வதை எந்தப் பயிற்சி வீடியோவிலும் பார்க்க முடியாது. அந்தப் பக்கத்து இருக்கையைத்தான் ஆப் தினமும் வேறு யாருக்கோ கொடுக்கிறது.

ஆக, தவறு மேசைகளின் எண்ணிக்கையில் இல்லை. வேலையின் அலகு குழு. வடிவமைப்பு தனிநபரை அலகாக எடுத்துக்கொள்கிறது. அந்த 100 பேரையே பத்துப் பேர் கொண்ட பத்துக் குழுக்களாக்கி, குழுவுக்கு மூன்று நாள் என்று பள்ளி டைம்டேபிள் போலப் பிரித்துப் பாருங்கள். நாளொன்றுக்கு ஆறு குழு, 60 மேசையே போதும். குழு முழுதும் ஒன்றாக இருக்கும். ஐந்து நாளில் மூன்றை எடுத்த எந்த இரண்டு குழுவுக்கும் ஒரு நாளாவது பொதுவாக விழும். தனக்கு வசதியான நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இதில் போகும், குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு அது சின்ன விஷயமல்ல. ஆனால் அதை ஒரு குழு உட்கார்ந்து பேசித் தீர்க்க முடியும். ஆப்போடு பேச முடியாது.

இடத்தை விட்டுக்கொடுத்த கட்டடங்களும் உண்டு. நெதர்லாந்தின் ஆபெல்டோர்ன் நகரில் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் 1972-ல் முடித்த சென்ட்ரால் பெஹீர் காப்பீட்டு அலுவலகத்தில் கான்கிரீட் கற்களைப் பூச்சின்றி விட்டார். மீதியை ஊழியர்களே முடிக்கட்டும் என்பது எண்ணம். செடியும் படமும் வீட்டுச் சாமானும் கொண்டுவந்து அவர்கள் முடித்தார்கள். நம் புதிய அலுவலகங்களோ ஊஞ்சல்வரை எல்லாவற்றையும் முடித்து வைத்துவிட்டு, நமக்கு ஒரு டிராயரைக்கூட விடுவதில்லை.

புது அலுவலகம் எதையாவது சுற்றிக் காட்டினால் பாசிச் சுவரைப் பார்க்க வேண்டாம். இங்கே சேர்ந்து மூன்று மாதமான ஒருவர், நாளைக்கு யார் பக்கத்தில் உட்காருவார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருந்தால் அது அலுவலகம். இல்லையென்றால் வைஃபை உள்ள காத்திருப்பு அறை.