கோச் சார்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கல்லூரி ஒன்று அடுத்த ஆண்டு பெண்கள் ஹாக்கி அணி தொடங்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். நடக்காத காரியம் ஒன்றும் இல்லை. தெற்கே கோவில்பட்டி பல தலைமுறையாக ஹாக்கி ஊர்; இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் அந்த ஊர்க்காரர்தான். வடக்கே மதுரையில் 2025 கடைசியில் ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை ஆட்டங்களே நடந்தன. இரண்டுக்கும் நடுவே கிடக்கிற கரிசலில் இருந்து பெண்களும் மட்டை பிடிக்க வருவார்கள். அவர்களுக்கு ஒரு தலைமைப் பயிற்சியாளர் வேண்டும். முதல்வர், செயலர், பி.டி., இன்னும் இரண்டு மூன்று பேர் தேர்வுக் குழுவாக உட்கார்வார்கள்.

விண்ணப்பங்களைப் பிரிக்கும் முன்பே அவர்கள் மனதில் ஒரு கோச் வந்து நின்றுவிடுவார். தாடி லேசாக நரைத்திருக்கும். சிரிக்க மாட்டார். ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரர், அவமானப்பட்டு ஒதுங்கியவர். பெண்கள் முதலில் அவரை வெறுப்பார்கள், பிறகு அவருக்காக உயிரைக் கொடுப்பார்கள். இவரை நமக்கு அனுப்பிவைத்தது சினிமா. பெண்கள் விளையாட்டைப் பற்றிய நம் படங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள்: ‘இறுதிச்சுற்று’ (2016), ‘கனா’ (2018), ‘பிகில்’ (2019), ‘கென்னடி கிளப்’ (2019). குத்துச்சண்டை, கிரிக்கெட், கால்பந்து, கபடி என்று ஆட்டம் மாறுகிறது. கோச் மட்டும் எல்லாவற்றிலும் சார்தான். ‘கென்னடி கிளப்’பில் இரண்டு சார்.

இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர் ‘சக் தே இந்தியா’வின் கபீர் கான். 2007இல் வந்த இந்திப் படம். இன்றும் மகளிர் கல்லூரிகளில் விளையாட்டு தினம் வந்தால் அதன் பாட்டு ஒலிக்காமல் இருப்பதில்லை. பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் பெனால்டி ஸ்ட்ரோக்கைத் தவறவிட்ட ஒரு முஸ்லிம் வீரரைத் துரோகி என்று ஊரே துரத்துகிறது. ஏழு ஆண்டு கழித்து, யாருக்கும் வேண்டாத பெண்கள் அணிக்குக் கோச்சாக அவர் திரும்பி வருகிறார். மதத்தின் பெயரால் ஒரு மனிதனைச் சந்தேகிப்பது பற்றி அந்தப் படம் சொன்னதை இன்று எடுக்கப் பலருக்குத் துணிச்சல் வராது. அந்த மதிப்பைக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். ஆனால் அந்தப் பெண்கள் உலகக் கோப்பையை வெல்வது யாருக்காக என்று கேட்டால், கடைசியில் கபீர் கானின் வீட்டுச் சுவரில் இருந்த கறை அழிவதற்காகத்தான். கிருஷ்ணாஜி என்ற மூத்த பெண் ஒருவரும் அணியோடு இருக்கிறார். பெஞ்சில் உட்காருகிறார், கவலைப்படுகிறார், கடைசியில் அழுகிறார். தலைமைப் பொறுப்பை அவருக்கே கொடுத்தால் என்ன என்று படத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. படம் பார்த்த நமக்கும் தோன்றவில்லை.

அந்தப் படத்தில் என்னை மறுபடி மறுபடி நிறுத்துவது ஒரு கடிதம். கோச்சின் கெடுபிடி தாங்காமல் வீராங்கனைகள் அவரை மாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அவரும் விலகுவதாகச் சொல்லி விருந்துக்கு அழைத்துப் போகிறார். அங்கே சில பையன்கள் இரண்டு வீராங்கனைகளைச் சீண்ட, மொத்த அணியும் சேர்ந்து அவர்களைப் புரட்டி எடுக்கிறது. கோச் குறுக்கே போகாமல் நின்று ரசிக்கிறார். சண்டை முடிந்ததும் கடிதமும் செத்துவிடுகிறது, போகாதீர்கள் என்கிறார்கள். தியேட்டரே எழுந்து நின்று கைதட்டிய காட்சி அது. வெளியாள் தொட்டால் அடிக்கலாம். உள்ளே இருக்கிற சார்மீது எழுதிக் கொடுத்தால் அது சின்னப்பிள்ளைத்தனம். அந்தக் காட்சி இரண்டையும் ஒரே மூச்சில் கற்றுக்கொடுக்கிறது.

‘இறுதிச்சுற்று’ சுதா கொங்கரா இயக்கியது. மீனவக் குப்பத்துப் பெண் மதியின் திமிரை அவ்வளவு அழகாக எழுதிய படம். அதிலும் கோச் பிரபு சென்னைக்கு வந்து சேர்வது அவர்மீது ஜோடிக்கப்பட்ட பாலியல் புகாரால். உண்மையில் தொல்லை கொடுப்பவன் சங்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்பதையும் படம் காட்டுகிறது, மறுக்கவில்லை. இருந்தும் புகார் என்ற காகிதம் நல்லவரை மாற்றல் செய்யும் கருவியாகத்தான் நமக்கு அறிமுகமாகிறது. பிறகு மாணவி கோச்சைக் காதலிக்கவும் செய்கிறாள். ‘பிகில்’ இன்னும் வெளிப்படை. இறுதி ஆட்டத்தில் ஒரு வீராங்கனையை அவள் உடம்பைச் சொல்லி, எல்லார் முன்னாலும், கோச் இழிவாகப் பேசுகிறார். அவளுக்கு ரோஷம் வரவேண்டுமாம். வருகிறது, கோல் போடுகிறாள். திட்டியதற்கு ரசீது கிடைத்துவிட்டது.

‘சக் தே’ வந்து மூன்று ஆண்டு கழிந்து, 2010 ஜூலையில், நிஜ இந்தியப் பெண்கள் ஹாக்கி அணியில் ஒரு கடிதம் எழுதப்பட்டது. தலைமைப் பயிற்சியாளர்மீது பாலியல் தொல்லைப் புகார். சக வீராங்கனைகளும் கையெழுத்திட்டார்கள். அவர் மறுத்தார்; பதவி விலகினார். அந்தச் செய்தி வந்தபோது பலரும் முதலில் கேட்டது, ‘சக் தே’ எடுத்த நாட்டிலா இப்படி என்று. அந்தப் படத்தைக் கொண்டாடிய நாட்டில் அந்தக் கடிதத்தை எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்று கேட்டவர்கள் குறைவு.

சரி, அப்படியென்றால் பெண்ணைப் போட்டுவிடலாமே? போடுவதில்லை, போட்டாலும் வைத்துக்கொள்வதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பெண்கள் நான்காவதாக வந்தபோது கோச்சாக இருந்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த மரைன். அதற்கு முன் அவர் நம் ஆண்கள் அணிக்குக் கோச். 2018இல் அவரைப் பெண்கள் பக்கமும், பெண்கள் பக்கம் இருந்த ஹரேந்திர சிங்கை ஆண்கள் பக்கமும் மாற்றிப் போட்டார்கள். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. இந்தக் கதவு ஆண்களுக்கு இரண்டு பக்கமும் திறக்கும். 2021இல் பெண்கள் அணிக்கு முதல்முறையாக ஒரு பெண் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்: யான்னெகே ஸ்கோப்மன், 2008 பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம் வென்ற நெதர்லாந்து அணியில் ஆடியவர். 2022 காமன்வெல்த் வெண்கலம், 2023 ஆசியப் போட்டி வெண்கலம், அதே ஆண்டு ராஞ்சியில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. 2024 ஜனவரியில் பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற முடியாமல் போனது. பிப்ரவரியில், ஆண்கள் அணியின் பயிற்சியாளருக்குக் கிடைக்கிற மரியாதை தனக்கோ தன் அணிக்கோ கிடைக்கவில்லை என்று பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகப் பேசினார். ஹாக்கி இந்தியா அதை மறுத்தது. அந்த மாதமே அவர் விலகினார். அடுத்து வந்தவர் மறுபடியும் ஹரேந்திர சிங்.

இது நம் நாட்டுக் கதை மட்டுமில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் 1972க்கு முன் பெண்கள் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள். பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியைகள், சம்பளம் சொற்பம். 1972இல் சம உரிமைச் சட்டம் வந்தது, பெண்கள் அணிகளுக்குப் பணம் வந்தது, பதவிக்கு ஒரு மதிப்பு வந்தது. கூடவே ஆண்கள் வந்தார்கள். இன்று அந்த அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களில் பெண்கள் பாதிக்கும் கீழே. நம் ஊர்ப் பள்ளிகளிலும் ஓசியில் செய்கிறவரை அது பி.இ.டி. மிஸ் வேலை. சம்பளமும் ட்ராக் சூட்டும் வந்ததும் அது கோச் சார் வேலை.

ஆளே இல்லை என்று சொல்லவும் முடியாது. சோனிபட்டில் பிரீதம் ராணி சிவாச் பல ஆண்டுகளாக நடத்தும் மைதானத்தில் இருந்து டோக்கியோ அணிக்கே பெண்கள் போனார்கள். 2021இல் அவருக்கு துரோணாச்சாரியார் விருது கொடுத்தார்கள். (கட்டை விரலைக் கேட்டு வாங்கியவர் பெயரில்தான் இந்த நாட்டில் கோச்சுக்கு விருது. அதை மாற்ற இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.) நம் பக்கத்தில் புதுக்கோட்டை சாந்தி இருக்கிறார். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பறித்தார்கள். செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தார். பிறகு பெங்களூருவில் பயிற்சியாளர் பட்டயம் முடித்து, மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார். அந்த விண்ணப்பம் ஒரு தனியார் கல்லூரிச் செயலர் மேஜைக்கு வந்திருந்தால், ‘பிரச்சினை வேண்டாம்’ என்று ஓரமாக வைத்திருப்பார்கள்.

ஆனாலும், பெண்ணைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அருப்புக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு நம்மால் எழுத முடியாது. 2018 ஏப்ரலில் இந்த ஊர்க் கல்லூரி ஒன்றின் பெண் உதவிப் பேராசிரியர், பல்கலைக்கழக மேலிடத்துக்கு ‘இணங்கி’ப் போகும்படி நான்கு மாணவிகளிடம் பேசிய தொலைபேசிப் பதிவு வெளியே வந்தது. 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட ஆண்கள் இருவரும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலையானார்கள். ‘மேடம்தானே கூப்பிடுறாங்க’ என்று வீட்டில் அனுப்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட பேரம் அது. அந்த மாணவிகளைக் காப்பாற்றியது எந்த மேடமும் இல்லை. ரெக்கார்டு பொத்தானை அழுத்திய அவர்கள் விரல்தான்.

ஆக, ஆணா பெண்ணா என்பதற்கு முன்னால் அந்தப் பதவி எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நம் கல்லூரிகளில் பி.டி. என்பவர் கைப்பந்தும் கபடியும் சொல்லித்தருவார், சுதந்திர தின அணிவகுப்பு நடத்துவார், வாசலில் நின்று துப்பட்டாவுக்குப் பின் குத்தியிருக்கிறதா என்றும் பார்ப்பார். அந்தக் கடைசி வேலையையும் கோச்சிடம் கொடுத்தால் அணி அன்றே முடிந்தது. அரைக்கால் சட்டையில் ஆடச் சொல்கிறவரும் துப்பட்டாவை அளக்கிறவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது.

விளம்பரத்தில் வழக்கமாகக் கேட்பது சர்வதேச ஆட்ட அனுபவம், பெரிய அணிக்குப் பயிற்சி கொடுத்த அனுபவம், வெளியூரில் மாதக்கணக்கில் தங்கும் வசதி. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். இந்தக் கல்லூரிக்கு இவை தேவையும் இல்லை. கோவில்பட்டிப் பையன் பத்து வயதில் மட்டை பிடிக்கிறான். இங்கே வருகிற பெண் பதினேழு வயதில், முதன்முதலாக, மூன்று வருடப் படிப்புக்குள் பிடிக்கப்போகிறாள். அதற்கு மேல் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். அ, ஆவிலிருந்து சொல்லித்தரத் தெரிந்தவர்தான் இங்கே தகுதியானவர். தரையும் சும்மா கிடைக்காது. கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும். சரளை கொட்டி இறுக்க வேண்டும். செயற்கைப் புல்வெளி போடலாம் என்று யாராவது பேசினால், அதில் பெரும்பாலானவற்றுக்கு ஆடும் முன் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்பதை நினைவுபடுத்துங்கள். குண்டாறு காய்ந்து கிடக்கிற ஊரில், தாய்மார் குடத்தோடு நிற்கிற தெருவைத் தாண்டி அந்தத் தண்ணீர் லாரி போகும்.

இதைவிடப் பெரிய வேலை வீடுகளில் இருக்கிறது. ‘பொம்பளப் பிள்ளைய விடியக்காலம் யார் கூட்டிட்டுப் போய் யார் கூட்டிட்டு வர்றது?’ என்று கேட்கிற அப்பாவிடம், ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருக்கிற அம்மாவிடம், போய் உட்கார்ந்து பேசத் தெரிய வேண்டும். மாதவிலக்கு நாளில் பயிற்சியை எப்படி வைப்பது என்று மாணவி வாய் திறந்து கேட்கிற மாதிரி இருக்க வேண்டும். மாலைப் பயிற்சி கட்டணமில்லா டவுன் பஸ் கிளம்பும் முன் முடிய வேண்டும். இதையெல்லாம் ஓர் ஆண் கற்றுக்கொள்ள முடியாதா? முடியும், சிலர் கற்றிருக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பெண்ணோ இதைக் கற்க வேண்டியதே இல்லை, வாழ்ந்தே வந்திருக்கிறாள். அந்த அனுபவத்துக்கு மதிப்பெண் போட நம் விண்ணப்பப் படிவத்தில் கட்டம் இல்லை. ஒரு கட்டம் போடுங்கள். இரண்டு பேர் சமமாக வந்தால் பெண்ணை எடுங்கள் என்பதோடு நான் நிற்க மாட்டேன்; இந்த அளவுகோலை வைத்தால் பெரும்பாலும் பெண்தான் முந்துவார்.

எடுத்த பிறகு தொகுப்பூதியத்தில், சீசனுக்கு இவ்வளவு என்று வைக்காதீர்கள். அடுத்த மாதச் சம்பளம் நிச்சயமில்லாத கோச், செயலர் வீட்டுக் கல்யாணத்துக்கு வீராங்கனைகளை வரவேற்பில் நிற்கச் சொன்னால் முடியாது என்று சொல்ல மாட்டார். மாணவிகள் சம்பந்தப்பட்ட புகார் என்றால் உள்ளகப் புகார்க் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவிகளும் உட்கார வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறை சொல்கிறது. அப்படி ஒரு குழு தங்கள் கல்லூரியில் இருப்பது எத்தனை மாணவிகளுக்குத் தெரியும்? கோச்சின் நியமனக் கடிதத்தைக் கொடுக்கிற அன்றே அந்தக் குழுவினர் பெயரும் போன் நம்பரும் மட்டைகள் வைக்கிற அறைச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

நேர்காணல் அன்று, பள்ளியில் ஏதாவது ஓர் ஆட்டம் ஆடி வந்த முதலாண்டு மாணவிகள் இரண்டு பேரைக் குழுவோடு உட்கார வையுங்கள். வருகிற ஒவ்வொருவரிடமும், ஆணோ பெண்ணோ, அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி கேட்கட்டும்: “உங்கள மாத்தச் சொல்லி நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு லெட்டர் குடுத்தா, நீங்க என்ன செய்வீங்க?”